மிஸ்டர் லியூவின் முப்பது பத்திகள்

பிள்ளைகளா, லண்டனில் என்ன பார்த்தீர்கள் அப்பா என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மகாராணியின் அரண்மனையையும் மணிக்கூண்டையும் நான் வெளியே நின்றுதான் பார்த்தேன். அதற்கு நம் பிரஸ்ஸில் அடித்த காலண்டரைப் பார்த்தாலே போதும். அதில் வானம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கும். அங்கே போய் நான் செய்த பெரிய காரியம் வேறு. ஒரு சீன வாத்தியாருடைய நோட்டைத் தொலைத்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

போன வருடம், தொண்ணூற்றொன்று ஜூலை மாதம். நம் முதலாளி அங்கே ஒரு பிரஸ்ஸில் பழைய ஆப்செட் மிஷின் ஒன்றை வாங்கியிருந்தார். அதைப் பிரித்துப் பெட்டியில் போடும்போது பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் எழுதுவது என் வேலை. அதே நம்பர்படி சிவகாசியில் திரும்ப மாட்ட வேண்டும். தங்கியது ஈஸ்ட் ஹாமில், குகநேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டு மாடியில்.

போன அன்றைக்கு எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம். சாப்பிட்டுவிட்டு ஜன்னலில் நின்றால், எதிர் வரிசை வீடுகளின் புகைக்கூண்டுகள் எல்லாம் இளஞ்சிவப்பாக நிற்கின்றன. இது சாயங்காலமா ராத்திரியா என்று உடம்புக்குத் தெரியவில்லை. இருந்த நாள் முழுக்க, பாதித் தூக்கத்தில் நடந்து போனவன் மாதிரிதான் இருந்தேன்.

குகநேசன் அண்ணாச்சி படுக்கையைக் காட்டிவிட்டுக் கதவருகே நின்று சொன்னார்:

"அண்ணை, பக்கத்து அறையில ஒரு சீனாக்காரர் இருக்கிறார். நல்ல மனிசன். ஆனா விடிய வெள்ளன எழும்பிச் சுவரோட கதைப்பார். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அவர் சொன்னது சரிதான். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பக்கத்து அறையில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான மனிதர். மூக்கு சுவரில் முட்டுகிற தூரத்தில் நின்று, இங்கிலீஷ் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"எங்கள் பள்ளியில் காலையில் அறுபது பிள்ளைகள் இப்படித்தான் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு சுவர். சுவர் கிடைக்காதவர்களுக்கு மரம்" என்றார்.

எங்களுக்குள் ஓடியது உடைந்த இங்கிலீஷ். இங்கே என் பேச்சை நம்மூர்ப் பேச்சாகவும், அவர் பேச்சைப் புத்தகப் பேச்சாகவும் எழுதுகிறேன். அவர் இங்கிலீஷ் அப்படித்தான் இருந்தது.

அவர் பெயர் லியூ. சீனாவில் ஒரு சின்ன ஊரில் மேல்நிலைப் பள்ளி வாத்தியார். மூன்று மாதப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய கவலை எல்லாம் அந்த அறுபது பிள்ளைகள்தான். அங்கே கல்லூரிக்குப் போக வருடத்துக்கு ஒரே ஒரு பரீட்சை. அதில் இங்கிலீஷ் தாளில், யாரும் முன்னால் பார்த்திராத பத்திகளைக் கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்கள். நாலு விடை இருக்கும். சரியானதைப் பிடிக்க வேண்டும். அவர் பள்ளியில் பழகிப் பார்க்க இருந்தது ஒரே ஒரு பழைய புத்தகம். அதில் லண்டன் முழுக்கப் பனிமூட்டமும் குதிரை வண்டியும். அதையும் பிள்ளைகள் தலைகீழாக மனப்பாடம் செய்துவிட்டார்களாம்.

"மனப்பாடம் செய்த பத்தி பரீட்சையில் வராது. அவர்களுக்குப் பார்க்காத பத்தி வேண்டும். முப்பது பத்தி எழுதிக்கொண்டு வந்தால், எங்கள் ஊர்க் கல்வி அலுவலகத்தில் அச்சடித்துத் தருகிறேன் என்கிறார்கள். ஊரில் இறங்கிய மறுநாளே நோட்டைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடமும் குதிரை வண்டிதான்."

பச்சை அட்டை போட்ட நோட்டு. கண்ணில் பட்டதை எல்லாம் அதில் சின்னச் சின்னப் பத்தியாக எழுதிக்கொண்டிருந்தார். நான் போனபோது பதினாறு முடிந்திருந்தது.

முதல் பத்தியை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். காலையில் பால்காரர் வாசலில் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார். மூடி மெல்லிய தகடு. குருவி ஒன்று வந்து தகட்டைக் கொத்தி, மேலே நிற்கிற ஆடையைக் குடித்துவிட்டுப் போகிறது. வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு பால்காரரைத் திட்டுகிறார். அவ்வளவுதான்.

நான் இரண்டு தடவை வாசித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பாலைக் குடித்தது யார்?" என்று கேட்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, 'காலையில் பால்காரர்' என்று தொடங்கி, முழுப் பத்தியையும் இங்கிலீஷில் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன்.

"நான் கேட்டது ஒரு பெயர்."

"விடை அதுக்குள்ளதான் சார் இருக்கு. எடுத்துக்கோங்க."

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வந்த படிப்பு அப்படி. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் ஒரு தடவை பெயிலானேன். அடுத்த தடவை புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேள்வியில் எந்த வார்த்தை கண்ணில் பட்டதோ, அந்த வார்த்தை வருகிற பக்கத்தை முழுதாக எழுதி வைத்தேன். பாஸ் போட்டார்கள்.

லியூ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் அறுபது பேரும் இதையேதான் செய்கிறார்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் அவர்களுக்கும் புரியும். மிஸ்டர் சாமி, நீங்கள்தான் எனக்கு வேண்டிய ஆள்" என்றார்.

முத்துச்சாமி என்பது அவர் வாயில் நுழையவில்லை. சாமியாகவே இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் பழைய பத்தியில் இரண்டு மூன்றும், அவர் புதிதாக எழுதுகிற ஒன்றோ இரண்டோ பத்தியும் வாசித்து மனப்பாடம் செய்தேன். பகலில் பிரஸ்ஸில் ரோலரையும் சிலிண்டரையும் கழற்றுவார்கள். நான் சாக்பீஸால் நம்பர் போடுவேன். கை நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று எழுதும். மனசுக்குள் பால்காரர் பாட்டிலை வைப்பார், குருவி வரும். அர்த்தம் பாதிதான் தெரியும். தெரியாத வார்த்தைகள் ஆற்றில் கூழாங்கல் உருள்கிற மாதிரி உள்ளே உருண்டுகொண்டே இருக்கும். அந்த ஊரே எனக்கு அப்படித்தான் இருந்தது. அழகாக ஓடுகிறது, என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் நான், லியூ, அண்ணாச்சி மூன்று பேரும் சமையலறையில் உட்காருவோம். அண்ணாச்சியின் மனைவி ராணி அக்கா புட்டு வைப்பார், தேங்காய்ச் சம்பல் வைப்பார். நம்மூர்ப் புட்டுக்குச் சீனி, அங்கே உறைப்பு. லியூவுக்குப் புட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் ஊரிலும் மாவை ஆவியில்தான் வேக வைப்பார்களாம். குச்சியால் எடுக்கப் பார்த்தார். உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது.

"கையால சாப்பிடச் சொல்லுங்கோ அண்ணை" என்பார் அக்கா. "உந்தக் குச்சியால சாப்பிட்டா நாளைக்கு விடியிற வரைக்கும் நான் கோப்பை கழுவ ஏலாது."

அண்ணாச்சி பெட்ரோல் ஷெட்டில் வேலை. ஒரு நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உதுகளைப் படிச்சாப் பாஸாம். நான் இஞ்ச வந்து ஏழு வருசம், கவுன்சில்ல இருந்து வாற கடிதம் ஒண்டுகூட எனக்கு முழுசா விளங்கிறதில்லை. உதையும் ஒரு பத்தியாப் போடச் சொல்லுங்கோ" என்றார். லியூ உண்மையிலேயே அந்தக் கடிதத்தை வாங்கி எழுதிக்கொண்டார். இருபதாவது பத்தி அது.

வெள்ளிக்கிழமை நானும் லியூவும் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதியிருந்த பலகையின் முன்னால் லியூ நின்றுவிட்டார். உள்ளே மணி அடிக்கிறது, அவர் எழுதுகிறார். வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திரும்பும்போது ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாடி பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தோம். மரக்கிளைகள் கண்ணாடியில் தட்டித் தட்டி விலகின. நகரத்தின் நடுவுக்குப் போகிறோம் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். கடைசியில் பார்த்தால் எதிர்த்திசையில் பார்க்கிங் என்ற ஊரில் கொண்டுபோய் விட்டது. டிரைவர் வந்து இறங்கச் சொன்னார். லியூவுக்கு ஒரே சந்தோஷம். பஸ் நிலையத்துச் சுவரில் இரண்டு பத்திக்கு விஷயம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை முப்பதாவது பத்தி முடிந்தது. தேம்ஸ் நதிக்கரையில், நடைபாதைக் கல்லில் சாக்பீஸால் படம் போடுகிற ஒரு ஆளைப் பற்றி அது. மழை வந்தால் படம் போய்விடும், மறுபடி போடுவார். எழுதி முடித்து லியூ கடைசிப் புள்ளியை வைத்தபோது, ஆறு வெயிலில் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஊருக்கு விமானம்.

டவர் ஹில்லில் ரயில் ஏறினோம். லியூ எங்கே போனாலும் ஒரு கண்ணாடி ஜாடியில் தேயிலை போட்ட வெந்நீர் வைத்திருப்பார். மூடி சரியில்லாமல் ஒழுகும். அதை நான் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதுவரை கையில் வைத்திருந்த நோட்டைப் பக்கத்தில் சீட்டில் வைத்தேன். போ ரோடு தாண்டியதும் ரயில் பூமிக்கடியிலிருந்து வெளியே வந்தது. திடீரென்று வெளிச்சம், ஓட்டு வீடுகள், கொடியில் காயும் துணிகள், யாரோ தோட்டத்தில் குனிந்து நிற்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈஸ்ட் ஹாம் என்று லியூ தோளைத் தட்டினார். ஜாடி சிந்தாமல் பக்குவமாக எழுந்து, பக்குவமாக இறங்கினேன். கதவு மூடியது. ரயில் நகர்ந்தது.

லியூ என் கைகளைப் பார்த்தார். ஜாடி இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அடுத்த ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனோம். அங்கே இருந்தவர் பெட்டி பெட்டியாகப் பார்த்துவிட்டு, யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு வரும், நாலைந்து நாள் ஆகும் என்றார். லியூ விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஜாடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"குதிரை வண்டி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி கேட்டார், "என்ன அண்ணை, அந்த மனிசன்ரை முகம் உப்பிடிக் கிடக்கு?"

"நோட்டை ரயில்ல விட்டுட்டேன் அண்ணாச்சி."

"அவரோ?"

"நான்."

அவர் டீ போடப் போய்விட்டார். அக்காதான், "சாப்பிடாமப் படுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நோட்டுப் போனாலும் வயிறு இருக்குத்தானே" என்றார். லியூ இரண்டு வாய் சாப்பிட்டார். குச்சி எடுக்கவில்லை; கையால்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பக்கத்து அறையில் சத்தம் இல்லை. ஆறரைக்கும் இல்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி பாதி கட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட இங்கிலீஷ் வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கை தானாகக் கட்டிக்கொண்டது. வாயில் வந்தது இதுதான்:

'காலையில் பால்காரர் வாசலில் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்...'

குருவி வந்தது, ஆடையைக் குடித்தது, அந்தம்மா திட்டினார். நிறுத்தாமல் இரண்டாவது பத்திக்குப் போனேன். மூன்றாவதில் பின்னால் காகிதம் சரசரத்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அறுந்துவிடும்.

"மெதுவாக, மிஸ்டர் சாமி" என்றார் லியூ. "மெதுவாக."

மெதுவாகச் சொன்னால் எனக்கு வராது. அந்த ஓட்டத்தில்தான் வரும். நடுவில் மாட்டிக்கொண்டால் பத்தியின் தலைக்குப் போய்த் திரும்ப ஓடி வர வேண்டும். அவர் பாவம், நான் ஓடுகிற வேகத்துக்கு எழுதினார். ஒன்பது மணிக்கு அண்ணாச்சி ஷிப்ட் முடிந்து வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இஞ்ச வாருமப்பா" என்று மனைவியைக் கேலியாகக் கூப்பிட்டார். "எங்கடை ஆளும் சுவரோட கதைக்கத் தொடங்கீட்டார்."

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்தாறு பத்தி ஆயிற்று. புள்ளி, கமா உட்பட இருக்கிறது என்றார் லியூ. கேள்விகள் மட்டும் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதை நான் எப்போது கவனித்தேன்? பரவாயில்லை, கேள்வியை விமானத்தில் எழுதிக்கொள்கிறேன் என்றார். மீதி நாலு பத்தி. முப்பதாவது அன்றைக்கே தொலைந்தது. அதை மனப்பாடம் செய்ய நேரமே இல்லை. இன்னொன்று எங்கள் மிஷினைப் பிரிப்பது பற்றி. இன்னொன்று பாரம் தூக்கிக்கொண்டு படியேறுகிற தபால்காரர். நாலாவது எது என்று தெரியும், ஆனால் முதல் வரியே வரவில்லை. சுவரைப் பார்த்தேன். சுவர் வெறும் சுவராகவே இருந்தது.

"எதைப் பற்றி?" என்று கேட்டார்.

"ரோட்டைக் கடத்தி விடுற அந்தம்மா."

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், நீளக் கம்பில் வட்டப் பலகை மாட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் நிற்பார். பலகையை உயர்த்தினால் வண்டி எல்லாம் நிற்கும், பிள்ளைகள் கடப்பார்கள். ஒரு காலையில் எங்கள் இரண்டு பேரையும் அப்படித்தான் கடத்தி விட்டார். "பெரியவங்களும் நில்லுங்க, கண்ணுகளா, அவசரம் ஒண்ணும் இல்லை" என்றார். லியூ அவரோடு பேசித்தான் அந்தப் பத்தியை எழுதினார்.

"மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. இது ஏன் இல்லை?"

"அது நமக்குத் தெரிஞ்ச விஷயம்தானே சார். அதை எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?"

சொல்லிவிட்டு நானே நின்றுவிட்டேன். லியூ பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவர்ப் பக்கமிருந்த என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

"தெரிந்ததைச் சொல்லுங்கள். என் வார்த்தை வேண்டாம்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்தம்மா பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, வண்டியைப் பார்க்க வேண்டும். அதனால் காலைத்தான் பார்ப்பார். யார் வருகிறது என்று ஷூவை வைத்துச் சொல்லிவிடுவார். புது ஷூ என்றால் பிறந்தநாள். கயிறு அவிழ்ந்திருந்தால் நடு ரோட்டில் கட்ட விடமாட்டார். பள்ளி விடுமுறையிலும் காலையில் அதே நேரத்துக்கு அந்த முனைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார், பலகை இல்லாமல்.

நான் தப்புத் தப்பாகத்தான் சொன்னேன். அவர் வினைச்சொல்லைத் திருத்தியதோடு சரி. மற்றதை அப்படியே எழுதினார். பிறகு கேள்வி எழுதத் தொடங்கினார். நான்கு கேள்வி எழுதிவிட்டு, ஐந்தாவதை என்னிடமே கேட்டார்.

"பள்ளி இல்லாத நாளில் அந்த அம்மாள் ஏன் வருகிறார்?"

"பத்தியில இல்லையே சார்."

"இல்லை. நாம் அவரிடம் கேட்கவும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்."

யோசித்தேன். உங்கள் இரண்டு பேரின் முகமும் வந்தது.

"விடுமுறைன்னு தெரியாம ஒரு பிள்ளை வந்துட்டா?"

லியூ எழுதினார். அதற்குப் பிறகுதான் கஷ்டம். தப்பான விடை மூன்று வேண்டும். அதுவும் சரி போலவே இருக்க வேண்டும். வீட்டில் வேலை இல்லை என்று ஒன்று. கால் பழகிவிட்டது என்று ஒன்று. சம்பளம் தருகிறார்கள் என்று ஒன்று. எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தார்.

"என் பிள்ளைகள் பழக்கம் என்பதைத்தான் போடுவார்கள். அதுதான் ஆபத்தில்லாத விடை" என்றார்.

மற்ற மூன்று பத்தியையும் இதேபோல் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா கட்டிக் கொடுத்த புட்டுப் பொட்டலமும், ஒழுகுகிற ஜாடியும், சட்டைக்குள் வயிற்றோடு செருகிய புது நோட்டுமாக லியூ புறப்பட்டார். நோட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. அந்த வாரமே நானும் மிஷினைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு வந்து சேர்ந்தேன்.

இந்த மே மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நோட்டு அச்சாகிவிட்டதாம். பழைய குதிரை வண்டிப் புத்தகத்தை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார்களாம். அந்தம்மா பத்தியின் ஐந்தாவது கேள்விக்கு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பழக்கம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் நாலு விடையையும் விட்டுவிட்டு, கீழே ஐந்தாவதாகத் தானே ஒன்று எழுதிக்கொண்டாளாம்: போன வருடப் பிள்ளைகளின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க.

'பரீட்சையில் இப்படிச் செய்தால் மதிப்பெண் இல்லை என்று அவளிடம் சொன்னேன்' என்று எழுதியிருந்தார் லியூ. 'நானும் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்தப் பத்தியையும் மனப்பாடம் செய்வதில்லை. இது நல்லதா கெட்டதா என்று ஜூலைப் பரீட்சையில்தான் தெரியும்.'

இது ஜூலை. இங்கிலீஷ் தாளுக்கு அவர் குறித்திருந்த நாள் இன்றுதான். நம் வீட்டில் நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை; அங்கே அறுபது பேரும் உட்கார்ந்துவிட்டிருப்பார்கள். இந்நேரம் தாளைத் திருப்பியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் முன்னால், அவள் இதுவரை பார்க்காத ஒரு பத்தி இருக்கும்.